அந்தப் போட்டில் படமரம் இல்லை

அன்று காலை ஷெட்டில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன்.

முதலாளி தணிகாசலம் இருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு.

போட்டை எடுத்துப்போக வந்த அதிகாரி இருந்தார். பெயர் வேண்டாம். அப்புறம் மாற்றலாகிப் போய்விட்டார்.

போட் ஓட்டுகிற மதியழகன் இருந்தான். கடற்கரைக் குப்பத்து ஆள். வெள்ளம் வந்தால் அந்தப் போட்டில் ஏறிப் போகவேண்டியவன் அவன்தான்.

கிரைண்டர் பிடிக்கிற பாஷா பாய் இருந்தார்.

ரோலர் பிடிக்கிற செல்வி இருந்தாள்.

ஸ்டுடியோவிலிருந்து போட்டோ எடுக்க ஒருவர் வந்திருந்தார்.

நான் இருந்தேன். மாசிலாமணி. கண்ணாடி நாரை ரெசின் பசையில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டுகிற லேமினேஷன் வேலை என்னுடையது.

ஏழு பேர். மாலை போட்டு, பொட்டு வைத்து, புறப்படத் தயாராக நின்ற போட்டின் தளத்தை மற்ற ஆறு பேர் பார்க்க நான் கிரைண்டரால் அறுத்தேன். ஏன் அறுத்தேன் என்பதை இத்தனை வருஷம் யாருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களும் இல்லை. நான் வேலையை விட்டாயிற்று, செல்வி இன்னும் அதே ஷெட்டில்தான். போன வாரம் போன் செய்தாள்.

"அண்ணே, தூங்கினியா?"

"இல்ல. சொல்லு."

"மூணு போட் வந்திருக்குது. பழசு. உள்ள எல்லாம் பூத்துப்போயி கெடக்குது. சின்ன மொதலாளி தெருவுல தறி பிரிச்ச வீட்ல எல்லாம் சொல்லிவச்சி படமரமா எறக்கினு வந்து அடுக்கி வச்சிருக்காரு. பன்னெண்டு. அதைத்தான் போடணுமாம்."

"நீ சொல்லலியா?"

"சொன்னேன். ரோலர் பிடிக்கறவளுக்கு இன்னா தெரியும்ன்றாரு. செவுத்துல இருக்கற போட்டோவைக் காட்டறாரு. இதுல போட்டு ஓடலியான்றாரு. நாங்க நாலு பேரும் இப்ப அவரு சொல்றதை நம்பறதா, நீ செஞ்சதை நம்பறதா? நீயே வந்து சொல்லு. இல்லன்னா எழுதிக் குடு. படிச்சிக் காட்டறேன்."

அதனால் எழுதுகிறேன். எனக்குப் படிப்பு ஏழாவது வரை. தப்பிருந்தால் தப்பாகவே இருக்கட்டும். விஷயத்தில் தப்பு இருக்காது.

படமரம் என்றால் காஞ்சிபுரத்தில் சொல்ல வேண்டியதில்லை. போட் வேலைக்கு வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் நெசவாளியின் வயிற்றுக்கு முன்னால் குறுக்காக இருக்கும் கட்டை. நெய்ய நெய்யச் சேலையை அதில்தான் சுற்றுவார்கள். கிட்டத்தட்ட ஓர் ஆள் நீளம். நல்ல முற்றிய மரம். வளையாது.

நான் நெசவுக் குடும்பம் இல்லை. முசரவாக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தார்கள். பள்ளியை விட்டதும் மாமா என்னைக் காசிமேட்டில் போட் கட்டுகிற இடத்தில் சேர்த்தார். ஆறு வருஷம் அங்கே. மேஸ்திரி பெயர் சூசை. அவர் கற்றுக்கொடுத்தது நிறைய இல்லை. செய்யக்கூடாதது மூன்று சொன்னார். ஈர மரத்தின் மேல் ரெசின் போடாதே. ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்டையும் ஆக்சிலரேட்டரையும் நேராக ஒன்றோடொன்று கலக்காதே, தீப்பிடிக்கும். எண்ணெய்க் கையால் மேட்டை, அதாவது கண்ணாடி நார் விரிப்பைத் தொடாதே.

மூன்றாவதுதான் கஷ்டம். கண்ணாடித் தூசு தோலில் ஏறினால் அரிப்பு உயிர் போகும். புதிதாக வந்தவர்கள் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். சூசை மேஸ்திரி பின்னால் வந்து கையை மோந்து பார்ப்பார். வாடை வந்தால் ஒரு அறை. "அரிச்சா சொறிஞ்சிக்கோ. எண்ணெ பட்ட எடத்துல ரெசின் ஒட்டாது. ஒட்டின மாதிரி இருக்கும். கடலுக்குப் போனா வுட்டுடும்" என்பார். நானும் இரண்டு அறை வாங்கியிருக்கிறேன். மூன்றாவது வாங்கவில்லை.

பிறகு ஊருக்கு வந்துவிட்டேன். தணிகாசலம் முதலாளி ஷெட் ஆரம்பித்த சமயம். தண்ணீர்த் தொட்டி, கதவு, பஸ் சீட், கோயில் ஊர்வலத்துக்குப் பெரிய தலையாட்டி பொம்மை, எல்லாம் ஃபைபரில் செய்தோம். இருபத்தாறு வருஷம் அவரிடம் இருந்தேன்.

அவரைப் பற்றி நேர்மையாக எழுத வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளையார்பாளையத்தில் நான்கு தறி வைத்திருந்த வீடு. அப்பா போனபிறகு தறியைப் பிரித்துவிட்டு ஃபைபருக்கு வந்தார். சரியாக ஒன்பது மணிக்கு வருவார். செருப்பை வெளியே விடுவார். தரையில் கண்ணாடி நார் கிடக்கும், காலில் குத்தும் என்றாலும் வெறுங்காலோடுதான் வருவார். வேலை நடக்கிற இடத்தில் செருப்புப் போட்டு நடந்து அவருக்குப் பழக்கமில்லை. நெய்த கண்ணாடித் துணி வரும், ரோவிங் என்போம். அதை இரண்டு விரலால் பிடித்து நிமிண்டுவார். பாவு தளர்ந்திருக்கிறது, ஊடை நெருக்கம் போதவில்லை என்பார். எடை போட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும். துணியில் அவரை ஏமாற்ற முடியாது.

குரலை உயர்த்த மாட்டார். யாரையும் திட்டியதில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு அவர் ஒரு சொல் வைத்திருந்தார். "யோசிச்சிப் பாருபா." அதைச் சொல்லிவிட்டுத் துண்டை எடுத்து நான்காக மடித்துத் தோளில் போட்டால் பேச்சு முடிந்தது. நாம் யோசித்து அவர் நினைத்ததற்கு வந்து சேர வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் வேறு எதற்கும் வந்து சேர அவர் விட்டதில்லை. ஒரு தடவை தவிர.

அந்தப் போட் ஆவணியில் வந்தது. லாரியிலிருந்து இறக்கினோம். பழைய ஃபைபர் போட், என்ஜின் வைத்து ஓட்டுவது. வெள்ளத்தில் ஜனத்தை ஏற்றி வருவதற்கென்று வைத்திருந்தது. மழைக்காலம் ஆரம்பிப்பதற்குள் வேண்டும் என்றார்கள்.

வெளியே பார்த்தால் பளபளப்பு. அதற்கு முன் யாரோ இரண்டு தடவை மேலே மேட் போட்டு ஜெல்கோட் என்ற பளபளப்புப் பூச்சு அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இந்த வேலையில் நடக்கிற அயோக்கியத்தனம் முக்கால்வாசி இதுதான். உள்ளே மரம் செத்துக் கிடக்கும். மேலே பெயின்ட் அடித்துப் பூ சுற்றிக் கொடுப்பார்கள். பார்க்கிறவன் வெளியேதான் பார்ப்பான் என்று தெரியும்.

நான் சின்ன பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்துத் தளத்தைத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடம் டக் டக் என்று திருப்பிப் பேசும். செத்த இடம் சொத சொத என்னும். முன்பக்கம் கொஞ்சம் பேசியது. நடுவிலிருந்து என்ஜின் மாட்டும் பின்பலகை வரைக்கும் ஒரு இடமும் பேசவில்லை.

மதியழகன் கூடவே நின்றான். போட்டைக் கொண்டுவந்தவன் அவன்தான்.

"போன மழைக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"காலுக்குக் கீழ தளம் மூச்சு வாங்குதுண்ணே."

"எத்தனை பேரோட?"

"ஏழு பேர். ஒரு கைக்கொழந்தை. ஆத்துல தண்ணிக்கு எதிர்ல வுட்டா, பக்கம் ரெண்டும் உள்ள வந்து வெளிய போவுது. பிஸ்கட் டப்பா மாதிரி. நான் பின்னால திரும்பியே பாக்கல. பாத்தா அவங்களுக்கு தெரிஞ்சிடும்னு."

"நீ எழுதிக் குடுக்கலியா?"

"குடுத்தேன். அதுக்குத்தான் பெயின்ட் அடிச்சாங்க."

அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

தளத்தை அறுத்தோம். அறுக்கும்முன் போட்டின் வெளி ஓட்டுக்கு அடியில் ஆறு இடத்தில் முட்டு கொடுத்து, சாக்கு வைத்து, மட்டம் பார்த்தோம். இதைச் செய்யாமல் உள்மரத்தை எடுத்தால் ஓடு தன் எடையிலேயே கோணிக்கொள்ளும். பிறகு எத்தனை நல்ல மரம் போட்டாலும் கோணல் கோணல்தான். ஓரத்தில் நான்கு விரல் அகலம் விட்டு அறுத்தோம். தளத்தைத் தூக்கியதும் நாற்றம். மிதப்பதற்காக உள்ளே அடைத்திருந்த ஃபோம் தண்ணீர் குடித்துப் பிழியப் பிழிய ஊற்றியது. நெடுக்கு மரம் இரண்டும் விரலால் குத்தினால் பிட்டு மாதிரி உதிர்ந்தது. குறுக்கு மரம் நான்கில் ஒன்றைக் காணவே இல்லை. மேலே சுற்றியிருந்த ஃபைபர் கூடு மட்டும் இருந்தது. அதற்குள் மண்.

பாஷா பாய் எட்டிப் பார்த்தார். "ஏழு பேரு இதும்மேலயா போனாங்க? அல்லா ரொம்ப பொறுமைசாலி" என்றார்.

எட்டு நாள் சுத்தம் செய்தோம். பழைய ஒட்டு எல்லாவற்றையும் நல்ல ஃபைபர் தெரிகிறவரை தேய்த்தோம். நெடுக்கு மரம் இரண்டும் நல்ல பிளைவுட்டில் புதிதாகப் போட்டேன். மரத்தை ஓட்டின் மேல் நேராக உட்காரவைக்கக் கூடாது. ஓட்டில் அந்த இடம் மட்டும் விறைத்துப்போய், அலை அடிக்கும்போது அங்கேயே விரியும். கொஞ்சம் இடைவெளி விட்டு, பொடி குழைத்த ரெசின் மாவில் உட்காரவைக்க வேண்டும். மூலையை விரலால் வழித்து வளைவாக்க வேண்டும். நேர் மூலையில் மேட் படியாது. பிறகு மேட், ரோவிங், மேட். ஒவ்வொரு அடுக்கும் முன் அடுக்கைவிடக் கொஞ்சம் அகலம். செல்வி ரோலர் போடுவாள். ஒரு காற்றுக் குமிழி விடமாட்டாள். பின்பலகையும் அப்படியே முடிந்தது.

மீதி குறுக்கு மரம் நான்கு. தளத்தைத் தாங்குவதும், இரண்டு பக்கத்தையும் விரியாமல் பிடித்துக்கொள்வதும் அதுதான். பிஸ்கட் டப்பா பிஸ்கட் டப்பாவாக இல்லாமல் இருப்பது அந்த நான்கினால்.

மறுநாள் ஒன்பது மணிக்கு முதலாளி ஒரு தட்டுவண்டியோடு வந்தார். வண்டியில் நான்கு படமரம். அவர் அப்பாவின் நான்கு தறியுடையது. முனையில் அவர் அப்பா பெயரின் முதல் எழுத்து 'சி' என்று உளியால் வெட்டியிருந்தது. மஞ்சள், குங்குமப் பொட்டு இருந்தது.

"மாசி, குறுக்குக்கு இதைப் போடுபா."

தொட்டுப் பார்த்தேன். வழவழ என்றிருந்தது.

"நல்ல மரம்தான் மொதலாளி. இதுக்கு வேணாம்."

"அம்பது வருஷம் பாவு இழுவையைத் தாங்கின மரம்பா. ஒரு நூலு கோணல. தண்ணி இன்னா செஞ்சிடும்?"

"மரம் நிக்கும். அதும்மேல ரெசின் நிக்காது. எண்ணெ ஏறியிருக்குது."

"தொடச்சிடு."

"உள்ள ஏறியிருக்குது."

அவர் மரத்தின் மேல் கை வைத்தார். "எங்கப்பா உக்காந்த தறி. நாலு ஜனத்தைக் கரை சேக்கட்டுமே. பரணுல கெடந்து இன்னா?" என்றார். பிறகு, "யோசிச்சிப் பாருபா." துண்டை மடித்தார்.

எண்ணெய் எப்படி ஏறியது என்பதைச் சொல்ல வேண்டும். தறியைப் பிரித்துப் பரணில் போட்ட வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆயுத பூஜைக்குப் படமரத்தை இறக்குவார்கள். பூச்சி அரிக்காமல் இருக்க வேப்பெண்ணெய் தேய்ப்பார்கள். பொட்டு வைத்துக் கும்பிட்டு மறுபடி ஏற்றுவார்கள். தறி ஓடியபோது ஒரு சொட்டு எண்ணெய் அதில் பட விடமாட்டார்கள், சேலை கறையாகும். ஓடாத தறிக்குத்தான் எண்ணெய். முதலாளி பதினெட்டு வருஷம் தன் கையாலேயே தேய்த்திருக்கிறார். மரியாதையாகத்தான் செய்தார். அந்த மரியாதை முழுக்க மரத்துக்குள் ஊறிக் கிடந்தது.

நான் யோசித்தேன். யோசித்து, அவர் நினைத்ததற்கு வந்து சேர்ந்தேன். அது என் தப்பு. இதை எழுதாமல் மற்றதை எழுதினால் நானும் பெயின்ட் அடிக்கிறவன்தான்.

மேல்தோலை இழைத்தோம். அசிட்டோனில் துணி நனைத்து மூன்று தடவை துடைத்தோம். துணி மஞ்சளாகவே வந்தது. நான்காவது தடவை கொஞ்சம் வெளுப்பாக வந்தது. போதும் என்று பொருத்தினேன். நெடுக்கு மரத்தில் வெட்டுக் கொடுத்து இறக்கி, முனைகளை இரண்டு பக்க ஓட்டோடும் சேர்த்து மேட் போட்டேன்.

ரெசின் இறுகும்போது சூடாகும். தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் மாதிரி இருக்கும். சூடு ஏறுகிற நேரம் செல்வி தலையைத் தூக்கினாள்.

"வேப்பெண்ணெ வாடை வருது. பாய், பேன் மருந்து தடவிக்கினு வந்தியா?"

"பேன் இருக்கணும்னா மொதல்ல முடி இருக்கணும்மா" என்றார் பாஷா பாய். அவருக்கு வழுக்கை. இருவரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரெசின் சூட்டில் மரம் எண்ணெயைக் கக்குகிறது. ஒட்டுகிற இடத்திலேயே கக்குகிறது. சூசை மேஸ்திரி கையை மோந்து பார்த்ததுதான் நினைவுக்கு வந்தது. அப்போதே பிய்த்திருக்க வேண்டும். பிய்க்கவில்லை. அடுத்த அடுக்குப் போட்டேன். அதற்கடுத்த அடுக்கும் போட்டேன். தளம் மூடினேன். ஜெல்கோட் அடித்தார்கள். ஆறு நாள் நான் யாரோடும் பேசவில்லை. வழக்கமாகவே பேசமாட்டேன் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

ஒப்படைக்கும் நாளுக்கு முந்தின மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போனபிறகு, சுத்தியலை எடுத்துத் தளத்தைத் தட்டினேன். நெடுக்கு மரத்துக்கு மேலே டக் டக் என்றது. குறுக்கு மரம் இருக்கும் நான்கு இடத்திலும் டொப் என்றது. காலி டப்பாவைத் தட்டினது மாதிரி. மரம் இருக்கிறது. ஃபைபர் இருக்கிறது. இரண்டும் தனித்தனியாக இருக்கிறது.

முதலாளியிடம் போனேன்.

"போட் போகக்கூடாது மொதலாளி. குறுக்கு மரம் வுட்டுடுச்சி."

"எப்படித் தெரியும்?"

"தட்டினேன்."

"தட்டினா எல்லாந்தான் சத்தம் வரும்." பிறகு சொன்னார். "அவங்க நாளைக்கு வராங்க. படமரம் போட்டதை சொல்லிட்டேன்பா. கேட்டுட்டு சந்தோஷப்பட்டாங்க. ஒரு மழை போகட்டும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அந்த ஒரு மழைக்குத்தான் அது."

"யோசிச்சிப் பாருபா."

துண்டை மடித்தார். நான் வீட்டுக்குப் போய்விட்டேன். மதியழகன் பின்னால் திரும்பிப் பார்க்காமல் போட் ஓட்டினதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலைதான் நான் முதலில் எழுதிய காலை. மாலை போட்டார்கள். எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முதலாளியும் அதிகாரியும் போட்டின் பக்கத்தில் நிற்க ஸ்டுடியோக்காரர் போட்டோ எடுத்தார். முதலாளி அதிகாரியிடம் தன் அப்பாவின் தறியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாஷா பாயிடம் கிரைண்டரைக் கேட்டேன்.

"எதுக்கு?"

"குடு பாய்."

கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிளக்கையும் அவரே மாட்டினார். போட்டில் ஏறி, இரண்டாவது குறுக்கு மரத்துக்கு மேலே ஒரு முழ நீளம் அறுத்தேன். வெள்ளைத் தூசு மாலையின் மேலெல்லாம் விழுந்தது.

அதிகாரி கத்தினார். "யோவ், உனக்குப் பைத்தியமா? யாருய்யா இவன்?"

முதலாளி கத்தவில்லை. "மாசி, கீழ எறங்குபா" என்றார். இரண்டு தடவை சொன்னார். நான் இறங்கவில்லை. நான்கு பக்கமும் அறுத்துத் தளத்தைப் பெயர்த்தேன். உள்ளே கை விட்டேன். உளி எடுத்துப் போயிருந்தேன். தேவைப்படவில்லை. மரத்தின் மேல் போட்ட மூன்று அடுக்கும் ஓர் ஓரத்தில் விரலைக் கொடுத்து இழுத்ததும் வாழைப்பட்டை மாதிரி முழுசாக உரிந்து வந்தது. அடிப்பக்கம் மினுமினு என்று எண்ணெய்.

அதை மதியழகன் கையில் கொடுத்தேன். அதிகாரியிடம் கொடுக்கவில்லை. போகப்போகிறவன் அவன்.

மதியழகன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மோந்து பார்த்தான். அதிகாரியைப் பார்த்து, "சார், நான் இதுல ஏற மாட்டேன். வேலையை வுட்டு எடுத்தாலும் ஏற மாட்டேன்" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான்.

முதலாளி வந்து அந்தப் பட்டையை வாங்கினார். அவரும் மூக்கருகே கொண்டுபோனார். அந்த வாடை அவருக்குத் தெரியாததா. அவர் கையிலிருந்து போனதுதானே. பிறகு அதிகாரியிடம், "பத்து நாள் குடுங்க சார்" என்றார். அந்த ஒரு தடவைதான் அவர் வேறு இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

என்னிடம் சொன்னது ஒன்றுதான். "அந்த மரத்தை எடுத்துக்கினு போயிடு மாசி. என் கண்ணுல படக்கூடாது."

பிரித்து எடுத்தபின் கொண்டுபோனேன். ஒரே தட்டுவண்டியில், நான்கையும், முசரவாக்கத்துக்கு.

தளத்தை முழுக்கப் பிரித்தோம். எண்ணெய் சொட்டியிருந்த இடமெல்லாம் நல்ல ஃபைபர் வரும்வரை தேய்த்தோம். குறுக்கு மரம் நான்கையும் நெடுக்கு மரத்துக்குப் போட்ட அதே பிளைவுட்டில் இரட்டையாக ஒட்டி வெட்டினேன். மரத்தின் எல்லாப் பக்கத்துக்கும், வெட்டின முனைக்கும், ஆணித் துளைக்கும் ரெசின் கொடுத்தேன். தண்ணீர் தங்காமல் ஓட அடியில் வழி விட்டேன். இந்தத் தடவை யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒன்பதாம் நாள் தட்டிப் பார்த்தேன். முன்பலகையிலிருந்து பின்பலகை வரை ஒரே பேச்சு. பத்தாம் நாள் ஏரியில் மணல் மூட்டை அடுக்கி ஓட்டினோம். மதியழகன் தளத்தில் காலை ஊன்றி நின்றான். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கேட்டார்கள். முதலாளி எழுதினார். "தொழிலாளி மாசிலாமணியின் கவனக்குறைவால் ஒட்டு சரியாகப் படியாமல் போனது." என்னிடம் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார். படித்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டேன். வேப்பெண்ணெய் வாடை வந்தபிறகும் மூடியவன் நான். அந்த அளவுக்கு அது உண்மைதான். மீதி எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

அந்த மழையில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றிலும் தண்ணீர் வந்தது. திருமுக்கூடலில் மூன்றும் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் ஜனம் மாட்டிக்கொண்டது. அந்தப் போட் போனது. மதியழகன் காலையிலிருந்து சாயங்காலம் வரை போய்ப் போய் வந்தான். பிறகு ஷெட்டுக்கு வந்து என்னிடம், "பின்னால திரும்பிப் பாத்துக்கினே ஓட்டினேண்ணே" என்றான். என் வேலைக்கு நான் வாங்கினதில் அது போதும்.

ஊரில் போட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. யாரோ முதலாளியைப் பார்க்க வந்தார்கள். அவர் தன் அப்பாவின் படமரத்தைப் பற்றிச் சொன்னார். நான்கு படமரமும் அந்தப் போட்டுக்குள் இருந்து ஜனத்தைத் தாங்கியது என்று சொன்னார். நான் மூன்று அடி தள்ளி ரெசின் கலக்கிக்கொண்டிருந்தேன். மாலை போட்ட போட்டின் போட்டோவைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார். நான் அறுப்பதற்கு முன் எடுத்தது. அடியில் எழுதியிருந்தது: "நான்கு படமரம் தாங்கும் படகு."

ஆட்கள் போனபிறகு கேட்டேன். "இது நெசம் இல்லியே மொதலாளி."

"யாருக்கு இன்னா நஷ்டம்பா?"

"யாராவது நம்பிடுவாங்க."

"நம்பினா இன்னா? யோசிச்சிப் பாருபா."

அவருக்கு ஆசை. அப்பா உட்கார்ந்து நெய்த மரம் நாலு உயிரைத் தாங்கியது என்று சொல்ல ஆசை. அந்த ஆசை எனக்குப் புரிகிறது. புரிவதால் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். இதோ மூன்று போட் வந்து நிற்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு மதியழகன் ஏறுவான். ஒவ்வொன்றிலும் ஒரு கைக்குழந்தை ஏறும்.

முதலாளி இறந்துவிட்டார். மகன் கார்த்திக் நடத்துகிறார். செல்வி போன் செய்த மறுநாள் ஷெட்டுக்குப் போனேன். பன்னிரண்டு படமரமும் சுவர் ஓரம் அடுக்கியிருந்தது. எல்லாவற்றிலும் பொட்டு. நகத்தால் ஒன்றைக் கீறி மோந்து பார்த்தேன். அதே வாடை.

"தம்பி, இதைப் போடாதீங்க" என்றேன்.

"ஏன்?"

சொன்னேன். முழுசாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசினதில்லை.

கார்த்திக் பொறுமையாகக் கேட்டார். அப்பாவைப் போலவே கத்தமாட்டார். "மாசிண்ணே, அறுத்தது எனக்குத் தெரியும். அப்பா சொல்லியிருக்காரு. ஒட்டு சரியில்லாததால அறுத்தீங்க. அப்புறம் அதே மரத்தைத்தான் சரியா ஒட்டிப் போட்டீங்க. உங்க கவனக்குறைவுன்னு நீங்களே கையெழுத்து போட்ட லெட்டர் ஃபைல்ல இருக்குது."

"மரத்தை எடுத்துட்டோம் தம்பி."

"அப்ப எங்கப்பா பொய் சொன்னாருன்றீங்களா? இந்த போட்டோவுக்குக் கீழ நின்னுக்கினு?"

"ஆமா."

செல்வி ரோலரைத் தகர டப்பாவில் போட்டாள்.

"அவரு இருந்தப்ப சொல்லியிருக்கலாமே" என்றார் கார்த்திக்.

அது சரியான கேள்வி. இருபத்தாறு வருஷம் ஒருவரிடம் சம்பளம் வாங்கினவனின் வாய் அப்படித்தான் இருக்கும் என்பது பதில் ஆகாது. நான் சொன்னது ஒன்றுதான். "எங்க வீட்டுக்கு வாங்க. காட்டறேன்."

"பாக்கலாம்ணே" என்றார். இன்று வரை வரவில்லை. அந்த மூன்று போட்டின் வேலை ஆடி முடிந்ததும் ஆரம்பம் என்று செல்வி சொல்கிறாள்.

எனவே ஷெட்டில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். யார் சொன்னாலும் எண்ணெய் ஊறின மரத்தின் மேல் மேட் போடாதீர்கள். போட்டோவை நம்பாதீர்கள். லெட்டரை நம்பாதீர்கள், அதில் என் கையெழுத்து இருந்தாலும். என்னையும் நம்ப வேண்டாம். முசரவாக்கத்துக்கு வாருங்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரம். வீட்டுக்குப் பின்னால் விறகு நனையாமல் இருக்கத் தகரக் கொட்டகை போட்டிருக்கிறேன். அதைத் தாங்கி நிற்பது படமரம். முனையில் 'சி' என்று வெட்டியிருக்கும். ஒன்றில் நான் உரிக்காமல் விட்ட ஃபைபர் இன்னும் தொங்குகிறது. வெயில் ஏறினால் வேப்பெண்ணெய் வாடை இப்போதும் வரும். மோந்து பாருங்கள். எண்ணிப் பாருங்கள்.

நான்கு.